மெய்நிகர் வகுப்பறை மேலாண்மை மென்பொருள் மதிப்பீட்டில் தமிழ்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு கருத்துரை

திறவுச்சொற்கள்: மெய்நிகர் காட்சி, மேலாண்மை மென்பொருள், ஒருங்குறி, எழுத்து வடிவமாற்றம், அகரவரிசை, நடுகல், தருமபுரி

முன்னுரை

மெய்நிகர் தலைக்கருவியை அணிந்த மாணவர் காண்பது காட்சியை மட்டுமே. அக்காட்சியை எப்பொழுது தொடங்குவது, எத்தனை கருவிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது, எவ்விடத்தில் நிறுத்தி ஆசிரியர் பேசுவது, யார் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று பதிவது ஆகிய அனைத்தையும் பின்னிருந்து நடத்துவது மேலாண்மை மென்பொருள். கருவியின் விலையும் காட்சியின் கவர்ச்சியும் பேசப்படும் அளவுக்கு இம்மென்பொருள் பேசப்படுவதில்லை. பேசப்படும் இடங்களிலும் அதனை மதிப்பிடும் அளவுகோல்கள் விலை, கருவிப் பொருத்தம், காட்சித் தொகுப்பின் எண்ணிக்கை, பாதுகாப்பு என்ற வரிசையில் அமைகின்றன. மொழி என்ற தலைப்பு அவ்வரிசையின் இறுதியில் 'பன்மொழி வசதி உண்டு' என்னும் ஒற்றைக் குறிப்பாக முடிந்துவிடுகிறது. தமிழ்வழிப் பள்ளிகளைப் பொறுத்தவரை அந்த இறுதித் தலைப்பே முதலில் ஆராயப்பட வேண்டியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதனை ஆராய்வதற்குத் தருமபுரி மாவட்டம் ஏற்ற களமாகும். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து, 2004-இல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்த இம்மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களின் குழந்தைகளும் இங்குள்ள பள்ளிகளில் பயில்கின்றனர். வீட்டில் ஒரு மொழி, பாடத்தில் தமிழ் என்றிருக்கும் மாணவருக்குத் தலைக்கருவியின் பட்டியல் ஆங்கிலத்தில் வந்தால், அது அவர் கடக்க வேண்டிய மூன்றாவது படியாகிறது. மாவட்டத்தின் பெயரே 'தருமபுரி' என்றும் 'தர்மபுரி' என்றும் இருவகையாக எழுதப்படுவதை இங்கு நினைக்கலாம். ஒரு வடிவத்தில் பதிந்த பள்ளியின் பெயரை மற்றொரு வடிவத்தில் தேடினால் கண்டுபிடிக்காத மென்பொருள், பயன்பாட்டின் முதல் நாளிலேயே ஆசிரியரைத் தடுமாறச் செய்யும்.

கூடமும் வகுப்பறையும்

மெய்நிகர் விளையாட்டுக் கூடங்களுக்கான மேலாண்மை மென்பொருளுக்கு நம் ஊர்களில் ஒரு முன்னோடி உண்டு. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்பு சிறுநகரங்கள்தோறும் இருந்த பிரவுசிங் சென்டர்களில், மேசையருகே அமர்ந்தவர் ஒரு கணினியிலிருந்து மற்றெல்லாக் கணினிகளையும் திறந்து, நேரம் முடிந்ததும் பூட்டுவார். ஸ்பிரிங்போர்டுவிஆர், சிந்தசிஸ்விஆர் போன்ற கூட மென்பொருள்கள் இதே வேலையை விரிவாகச் செய்யும் நோக்கில் எழுந்தவை. முன்பதிவு, நிலையங்களின் கட்டுப்பாடு, வாடிக்கையாளரின் ஒப்புதல் பதிவு, ஆடப்பட்ட நிமிடங்களைக் கணக்கிட்டு விளையாட்டை உருவாக்கியவருக்கு உரிமத்தொகை சேர்த்தல் என்பன இவற்றின் பணிகள். இவை அனைத்துக்கும் அடிப்படை அலகு நிமிடம். தனியாக வருபவர், தாம் விரும்பியதை, செலுத்திய பணத்துக்குரிய நேரம் ஆடிச் செல்கிறார். அந்நோக்கிற்கு இவ்வமைப்பு பொருத்தமானதே.

வகுப்பறையின் அடிப்படை அலகு வேறு. அங்கு நாற்பது பேர் ஒரே பொருளைக் காண வேண்டும். கண்டதைப் பற்றி உடனே பேச வேண்டும். ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். நாற்பது மாணவருக்குப் பத்துத் தலைக்கருவிகள் எனக் கொண்டால் நான்கு சுற்றுகள் தேவை. சுற்றுக்கு 7 நிமிடம் காட்சி என்றால் 28 நிமிடம். கருவியைத் துடைத்து, அடுத்தவர் தலைக்குப் பொருத்தி, தெளிவு சரிபார்க்கச் சுற்றுக்கு 3 நிமிடம் என்றால் 12 நிமிடம். 45 நிமிடப் பாடவேளையில் ஆசிரியர் பாடம் நடத்த எஞ்சுவது 5 நிமிடம். எண்ணெய் தேய்த்த தலையும், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையும், நெற்றிப் பொட்டும் உள்ள வகுப்பில் அந்த 3 நிமிடமும் போதாது. எனவே வகுப்பறை மென்பொருளைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்வி, கருவி அணியாத முப்பது பேருக்கு அது என்ன செய்கிறது என்பதாகும். ஒரு கருவியில் தெரிவதைத் திறன்பலகையில் காட்ட முடியுமா? ஆசிரியர் தம் கைக்கணினியிலிருந்து எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் நிறுத்த முடியுமா? கிளாஸ்விஆர் போன்று வகுப்பறைக்கெனவே உருவானவை இத்தகைய கேள்விகளை ஓரளவு எதிர்கொள்கின்றன. ஆர்பர்எக்ஸ்ஆர், மேனேஜ்எக்ஸ்ஆர் போன்றவை கருவித் தொகுதியை நிருவகிப்பவை. அவற்றில் கற்பித்தலின் ஒழுங்கை எதிர்பார்த்தல் பொருந்தாது. கூட மென்பொருளை வகுப்புக்கும், நிருவாக மென்பொருளைப் பாடத்துக்கும் ஒரே பட்டியலில் இட்டு மதிப்பெண் வழங்கும் ஒப்பீடுகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

இணைய இணைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காட்சிகளை முன்கூட்டியே கருவியில் இறக்கி வைத்து, வகுப்பறைக்குள் அமைந்த கம்பியில்லா இணைப்பு ஒன்றாலேயே பாடத்தை நடத்த இயலாத மென்பொருள் மலையூர்ப் பள்ளிக்குப் பயன்படாது.

எழுத்து நிற்கும் இடம்

தமிழாய்வாளர் மட்டுமே தீர்ப்பு வழங்கத்தக்க பகுதி இனி வருவது. ஒருங்குறியில் தமிழ், ஒலிமுறையில் சேமிக்கப்படுகிறது. 'நெ' என்னும் எழுத்தில் முதலில் நகரமும் அடுத்து எகரக் குறியும் பதிவாகின்றன. கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு நகரத்தின் முன்னே தெரிய வேண்டுமானால், திரையில் எழுத்தை வரையும் நிரல் அவ்விரண்டையும் இடம் மாற்ற வேண்டும். 'கொ' போன்றவற்றில் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். 'டு', 'மு', 'ழூ' போன்றவற்றில் இரண்டையும் இணைத்து ஒற்றை வடிவமாக்க வேண்டும். உலாவிகளும் செல்பேசிகளும் இவ்வடிவமாற்றத்தை இப்போது பிழையின்றிச் செய்வதால் நாம் அதனை மறந்துவிட்டோம்.

மெய்நிகர் காட்சிகளோ பெரும்பாலும் விளையாட்டு இயந்திரங்களில் உருவாகின்றன. அவற்றுள் பரவலாக வழங்கும் யூனிட்டியில் நெடுங்காலமாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ்புரோ என்னும் எழுத்துக்காட்டுக் கூறு, இந்திய எழுத்துமுறைகளுக்குரிய வடிவமாற்றத்தைத் தானாகச் செய்வதில்லை. தகடூர் அதியமானைப் பற்றிய பாடத்தில் 'நெடுமான் அஞ்சி' என்று எழுதினால், நகரத்தின் முன்னே நிற்க வேண்டிய கொம்பு அதன் பின்னே போய் டகரத்தோடு ஒட்டி நிற்கும். உகரக் குறியும் தனியே தொங்கும். ஆறாம் வகுப்பு மாணவர் அதனை 'நெடுமான்' என்று படிக்க வழியில்லை.

இதில் ஒரு பொறியும் உண்டு. மேலாண்மை மென்பொருளின் கட்டுப்பாட்டுப் பலகை பெரும்பாலும் உலாவியில் திறப்பது. அங்கு ஆசிரியர் தட்டச்சிடும் தமிழ் செம்மையாகவே தெரியும். அதே சொல் தலைக்கருவிக்குள் சென்றதும் சிதையும். மதிப்பீட்டாளர் பலகையை மட்டும் பார்த்துத் 'தமிழ் இயங்குகிறது' என்று சான்றளித்துவிட்டால், பிழையை முதலில் காண்பவர் மாணவராக இருப்பார்.

இச்சிக்கலுக்குக் குறுக்குவழி ஒன்று கையாளப்படுகிறது. எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கி, பழைய குறியேற்ற எழுத்துருக்களைப் போல அமைத்துக் காட்டுவது அது. பாமினி, வானவில் ஆகியவற்றில் தட்டச்சு செய்த தலைமுறைக்கு இம்முறை புதிதன்று. படிப்பவர்க்கு அது தமிழாகத் தெரியும்; தரவிலோ அது தமிழாக இராது. அதனைத் தேட இயலாது, அகரவரிசைப்படுத்த இயலாது, எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் அதனைப் படிக்காது. பார்வைக் குறைபாடுடைய மாணவருக்கு அப்பாடம் முற்றிலும் மூடப்பட்டுவிடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து 2010-இல் ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றது வரை, குறியேற்றக் குழப்பத்திலிருந்து வெளியேற எடுத்துக்கொண்ட முயற்சியை இக்குறுக்குவழி ஒரு வகுப்பறைக்குள் திரும்பக் கொண்டுவருகிறது. எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டுவதும் இதனினும் மேலானதன்று. அன்ரியல் போன்ற இயந்திரங்கள் வடிவமாற்ற நிரலை உள்ளடக்கியிருப்பதால், இயலாமையைக் காரணமாகக் கூறும் நிறுவனத்தின் விடையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பெயரும் வரிசையும்

மாணவர் பட்டியலைப் பதியும் பக்கத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் கட்டாயமாக்கப்பட்டிருக்கும். தமிழ் மாணவருக்கு உள்ளது தலைப்பெழுத்தும் பெயரும். தலைப்பெழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டால், ஒரு வகுப்பின் பாதி மாணவர் 'மு', 'ரா', 'சு' என்ற குடும்பங்களாகப் பிரிந்து நிற்பர். தந்தையின் முழுப்பெயரை இட்டால் மென்பொருள் மாணவரைத் தந்தையின் பெயரால் அழைக்கும்.

வரிசை இதனினும் நுட்பமானது. ஒருங்குறி எண்களின் ஏறுவரிசை தமிழ் அகரவரிசையன்று. எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் பகரத்துக்கு முன்னும் நிற்கிறது. எனவே கனிமொழி முதலிலும் கபிலன் அடுத்தும் வருவர். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய் என்பதால் கபிலனே முந்த வேண்டும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பின் அமைந்திருப்பதால் அனிதாவுக்குப் பின் அன்பு வருவார். நம் அகராதி மரபில் மெய் உயிர்மெய்க்கு முந்துவதால் அன்பு முன்னே நிற்க வேண்டும். வருகைப் பதிவேட்டின் வரிசையும் மென்பொருளின் வரிசையும் வேறுபட்டால், பத்துக் கருவிகளை நாற்பது பேருக்குச் சுற்றுமுறையில் வழங்கும் ஆசிரியர் ஒவ்வொரு பெயரையும் தேட வேண்டியிருக்கும். மேலே கணக்கிட்ட 5 நிமிடம் இதிலேயே கரைந்துவிடும். மொழிசார் வரிசை விதிகள் கணினித் துறையில் முன்பே வகுக்கப்பட்டுள்ளன. மென்பொருள் அவற்றைப் பயன்படுத்துகிறதா என்பதே கேள்வி.

கலைச்சொல் குறித்தும் ஒரு சொல். 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் 'விர்ச்சுவல்' என்றிருக்க, தமிழில் 'இணைய' என்றே வழங்கியது. அச்சொல்லுக்கு இன்று 'மெய்நிகர்' நிலைபெற்றுவிட்டது. 'மெய்ந்நிகர்' என எழுதுவாரும் உளர். நன்னூல் விதிப்படி அவ்வொற்று மிகுதலும் இயல்பாதலும் ஏற்புடையன. இப்புணர்ச்சி குறித்து நாம் வாதிடும் நேரத்தில், மென்பொருளின் பட்டியலில் 'செஷன்', 'ஸ்டேஷன்', 'லாபி' ஆகியவற்றுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு ஏதோ ஒன்றை இட்டு நிரப்பிவிடுகிறது. தொடர்வண்டி நிலையத்துக்கும் தலைக்கருவி நிலையத்துக்கும் வேறுபாடு காட்டாத பட்டியலை ஆசிரியர் ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்துக்கே திரும்புவது இயல்பு.

நடுகல்லைக் காட்டுவது எப்படி

இம்மாவட்டத்தின் சிறப்புப் பொருளான நடுகல்லை எடுத்துக்கொண்டு மென்பொருளைச் சோதிக்கலாம். தருமபுரியும் அதனையடுத்த செங்கம் பகுதியும் பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்களால் தமிழ்க் கல்வெட்டாய்வில் இடம்பெற்றவை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் செங்கம் நடுகற்களை நூலாக வெளியிட்டது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தொல்காப்பியப் புறத்திணையியல், கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைச் சொல்கிறது. இவ்வாறையும் ஆறு காட்சிகளாக்கினால் நல்லதொரு மெய்நிகர்ப் பாடம் அமையும். அப்போது மென்பொருளிடம் கேட்க வேண்டியவை தாமே வெளிப்படுகின்றன. நீராட்டும் நிலையில் வகுப்பு முழுவதையும் நிறுத்தி ஆசிரியர் விளக்க முடியுமா? நிலைகளின் வரிசையை மாணவர் தாண்டிச் செல்லாதவாறு அமைக்க முடியுமா? கல்லின் மேல் வட்டெழுத்து வாசகத்தையும் அதன் அருகில் இன்றைய எழுத்துவடிவத்தையும் காட்ட முடியுமா? ஆசிரியரே எடுத்த முழுச்சுற்றுப் படத்தைத் தொகுப்பில் சேர்க்க நிறுவனம் இடமளிக்கிறதா? இக்கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தால் மற்றவற்றைக் கேட்க வேண்டியதில்லை. ஆயத்தக் காட்சிகளின் எண்ணிக்கையில் எகிப்தியப் பிரமிடும் பவளத்திட்டும் இருக்கும், நடுகல் இராது.

பேருந்து ஏறினால் காணக்கூடிய கல்லை ஏன் கருவிக்குள் காண வேண்டும் என்ற மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பு வலியது; இக்கட்டுரை அதனை ஏற்கிறது. தருமபுரி நகர மாணவர் அருங்காட்சியகத்துக்கு நடந்தே செல்லலாம். கல்லின் சொரசொரப்பையும் வெயிலில் மாறும் புடைப்பின் நிழலையும் எக்கருவியும் தருவதில்லை. ஆயினும் மழையில் தேயும் கல், தனியார் நிலத்தில் நிற்கும் கல், வழிபாட்டில் எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மறைந்த கல் ஆகியவற்றின் இன்றைய நிலையைப் பதிவு செய்து வைப்பது ஆய்வுக்கே தேவையானது. அப்பதிவு வகுப்புக்கும் பயன்படும். கீழடி அருங்காட்சியகம் போலத் தொலைவில் உள்ளவற்றுக்கு மெய்நிகர்ப் பயணம் பொருத்தமானது. அருகில் உள்ள கல்லுக்கு அது கள ஆய்வின் முன்தயாரிப்பாக மட்டும் நிற்பது நல்லது. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு இவ்வரையறை பொருந்தாது. வயல்வரப்பில் நிற்கும் கல்லை அவர் காணக் கருவியே வழி.

மென்பொருள் மறைந்த பின்

கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் வகுப்பறைக்கெனத் திட்டமிடப்பட்ட மெய்நிகர் முறைகளுள் எளிமையானது. 2015-இல் அறிமுகமான அது, மலிவான அட்டைப்பெட்டிக் கண்ணாடியிலும் இயங்கியது. ஆசிரியர் தம் கைக்கணினியிலிருந்து வகுப்பை வழிநடத்தினார். மாணவர் ஒவ்வொருவரும் எத்திசையில் பார்க்கின்றனர் என்பதைச் சிறு முகக்குறிகள் காட்டின. இறக்கி வைத்த பயணங்கள் வகுப்பறை இணைப்பிலேயே ஓடின. மேற்சொன்ன அளவுகோல்களில் பலவற்றை நிறைவு செய்த அச்செயலி 2021 ஜூன் 30-இல் நிறுத்தப்பட்டது. பயணங்களுள் பல வேறு தளத்துக்கு மாற்றப்பட்டன. ஆசிரியர் வகுப்பை வழிநடத்தும் முறை அவற்றுடன் செல்லவில்லை. 2017-இல் வந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியும் 2023 டிசம்பரில் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டின் விண்டோஸ் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கென வாங்கிய தலைக்கருவிகள் பழுதாகாமலே பயனிழந்தன.

அரசுப்பள்ளி ஒன்றில் ஒரு கருவி வாங்கப்பட்டால் அது பல்லாண்டு அங்கேயே இருக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் வாங்கப்படுகிறது. மென்பொருள் நிறுவனத்தின் ஆயுளோ ஆண்டுச் சந்தாவைச் சார்ந்தது. ஆதலால் பள்ளி உருவாக்கிய முழுச்சுற்றுப் படங்கள், முப்பரிமாண வடிவங்கள், தமிழ் விளக்கங்கள் ஆகியவற்றைப் பொதுவான கோப்பு வடிவங்களில் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்க முடியும் என்பது எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். உலாவிவழி இயங்கும் வெப்எக்ஸ்ஆர் போன்ற பொதுத்தரம் இவ்வகையில் நம்பிக்கை தருகிறது. ஒரு கருவி போனாலும் மற்றொன்றில் பாடம் திறக்கும். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிக் காத்த மரபினர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

பார்வைத் தரவு

எக்ஸ்பெடிஷன்ஸின் முகக்குறி வகுப்பு முடிந்ததும் மறைந்தது. இன்றைய மென்பொருள்கள் பார்வையின் திசை, தலையசைவு, தங்கிய நேரம் ஆகியவற்றைச் சேமித்து, கவன அளவு என அறிக்கை தரவல்லவை. கூடத்தில் இது வணிகக் கணக்கு. பள்ளியில் இது ஒரு குழந்தையைப் பற்றிய தீர்ப்பாக மாறக்கூடும். 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. குழந்தையின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்கிறது. விதிகள் கல்வி நிறுவனங்களுக்குக் கல்விப்பணி, பாதுகாப்பு என்ற வரம்புக்குள் சில விலக்குகளை அளிக்கின்றன. அவ்வரம்பைத் தாண்டித் தரவு நிறுவனத்தின் வழங்கிக்குச் செல்கிறதா என்று கேட்பது ஆசிரியரின் உரிமை. பெற்றோரின் ஒப்புதல் படிவம் ஆங்கிலச் சட்டமொழியில் இருக்கும்வரை அதில் இடப்படும் கையொப்பம் ஒப்புதல் ஆகாது. அப்படிவத்தை, வேலைக்கு வெளியூர் சென்ற பெற்றோருக்குப் பதிலாக வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் விளங்கும் தமிழில் எழுதித் தருவது தமிழ்த்துறைகள் ஏற்கத்தக்க பணி.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்க மற்றொன்று, ஒரு பக்கச் சோதனைத்தாள். கொம்பும் காலும் வரும் உயிர்மெய்கள், உகர ஊகார இணைவடிவங்கள், ஔகாரக் குறியும் ளகரமும் மயங்கும் சொற்கள், ஆய்தம், கிரந்த எழுத்துகள், கபிலனும் கனிமொழியும் அனிதாவும் அன்பும் அடங்கிய பெயர்ப்பட்டியல், தலைப்பெழுத்துடன் கூடிய பெயர்கள், இருவகை எழுத்தில் மாவட்டப் பெயர், ஒரு நடுகல்லின் விளக்கம் என அதில் இடம்பெற வேண்டியவற்றை வரையறுப்பது கடினமன்று. கொள்முதலுக்கு முன் நிறுவனத்தார் கருவியைக் காட்ட வரும் நாளில், பென்னாகரத்திலோ அரூரிலோ உள்ள தமிழாசிரியர் ஒருவர் அத்தாளைத் தலைக்கருவிக்குள் திறந்து, நெடுமான் அஞ்சியின் கொம்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.